எம்.பி. கொடுத்த தகரம்

எங்கள் தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில், பொதுப் பணத்தில் வந்த எந்தப் பொருளிலும் ஓர் ஆளுடைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். "எம்.பி. குடுத்த தகரம்", "மந்திரி போட்டுக் குடுத்த ரோட்டு", "மெம்பர் வாங்கித் தந்த கதிரை" என்றுதான் சொல்வார்கள். கோயிலில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் எழுதியுள்ள பெயர்களைப் பார்த்தே, எந்தத் தேர்தலுக்கு எந்தக் கட்சி வந்து போனது என்று சொல்லிவிடலாம்.

இதில் என்ன குற்றம், நன்றியுள்ள சனம் நன்றியோடு சொல்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். நன்றி நல்ல குணம்தான். ஆனால் 'கொடுத்தார்' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. கொடுப்பவர் விரும்பினால் கொடுப்பார், விரும்பாவிட்டால் விடுவார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. 'எனக்கு ஏன் இல்லை?' என்று கேட்கும் பெண்ணுக்கு 'வாய்க்காரி' என்று பெயர் வந்துவிடுகிறது. சமூகவியல் படித்துவிட்டு இந்தத் தோட்டங்களில் சமூக சேவையாளராக வேலை செய்யும் எனக்கு, எங்கள் பெண்கள் எதையும் கேட்காமலே திரும்பிப் போவதற்கு இந்தச் சொல் ஒரு பெரிய காரணமாகத் தெரிகிறது.

இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளில் பலர் வன்னியிலும் கிழக்கிலும் யுத்தத்தில் உறவுகளையும் வீடு வாசலையும் இழந்தவர்கள். வீட்டுத்திட்டப் பட்டியல், நிவாரணப் பட்டியல், வாழ்வாதார உதவிப் பட்டியல் என்று எத்தனையோ பட்டியல்களில் உங்கள் பெயரைத் தேடியிருப்பீர்கள். தோட்டத்துக் கதை எங்களுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். பட்டியல் எழுதுகிற முறை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு ஊரிலும் கணக்கில் இல்லாதவர்

எங்கள் பகுதியில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். 1983 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு அவருடைய பெற்றோர் பதுளையை விட்டு வவுனியாப் பக்கம் போனார்கள். 1977, 1981, 1983 என்று அடுத்தடுத்து அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல அப்படிப் போய்க் காடு வெட்டிக் குடியிருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் உங்களுக்குள்ளேயே இருக்கிறீர்கள். அக்கா அங்கேயே வளர்ந்து அங்கேயே கலியாணம் முடித்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாமிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தோட்டத்தில் இருக்கும் தம்பியின் லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார்.

சில வருடங்களுக்கு முன் காற்றில் கூரை பறந்த லயங்களுக்குத் தகரம் வந்தது. பட்டியலில் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளர்களின் பெயர்தான் எழுதப்பட்டிருந்தது. அக்கா பேர் பதிந்தவர் அல்லர். நாட்டுப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறவர். காம்பரா தம்பியின் பெயரில் இருக்கிறது. அக்காவும் பிள்ளைகளும் படுப்பது பின்பக்கம் இறக்கிய பத்தியில். காம்பராவுக்குத் தகரம் வந்தது, பத்திக்கு வரவில்லை.

"அங்க இருக்கறப்ப தோட்டக்காட்டாள்னு சொன்னாங்க மிஸ். இங்க வந்தா வன்னிக்காரிங்கறாங்க. தகரம் மட்டும் எந்த ஊர்க்காரிக்குக் குடுப்பாங்க?" என்று அவர் கேட்டார்.

இதை ஒரு கெட்ட மனிதர் செய்த வேலை என்று சொல்ல முடியாது. பட்டியல் எழுதியவர் தனக்குத் தெரிந்த பழைய முறைப்படி எழுதினார். அந்த முறையில் 'குடும்பத் தலைவர்' என்றால் ஆண், 'தோட்டத்து ஆள்' என்றால் பேர் பதிந்தவர். கணவரின் கதி தெரியாத பெண்ணுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. தகரம் வரப்போகிறது என்ற செய்தியே, பட்டியல் முடிந்து லொறி வந்த பிறகுதான் அவர் காதுக்கு எட்டியது. எங்கே போய்க் கேட்பது என்று அவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று சரியாக இருந்திருந்தால் அந்தப் பத்தி நனையாமல் இருந்திருக்கும்.

வாக்கு இல்லாத காலத்தின் பழக்கம்

'கொடுத்தார்' என்ற பேச்சு எங்கள் சனத்துக்குப் பிறவிக் குணம் அல்ல. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் எங்கள் ஆட்கள் யாரும் தெரிவாகவில்லை. மீண்டும் ஒருவர் தேர்தலில் நின்று வெற்றி பெற்றுப் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. நாடற்றவர்களாக எஞ்சியோருக்கு 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களினால்தான் குடியுரிமை கிடைத்தது.

வாக்கு இல்லாத ஆளுக்கு உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாத ஆள் துரையிடம் கேட்க வேண்டும், கங்காணியிடம் கேட்க வேண்டும், பிறகு தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எடுப்பதற்கும் கூரைக்குத் தகரம் கேட்பதற்கும் ஒரே ஆளின் தயவு வேண்டியிருந்தது. பாட்டி கேட்ட முறையிலேயே பேத்தியும் கேட்கிறாள்.

வாக்கு வந்த பிறகும் சட்டம் ஒரு வேலி போட்டிருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம், ஆனால் அந்தச் சபை லயத்து வாசலில் ஒரு விளக்குப் போட முடியாது! 2018 இல்தான் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இந்தத் திருத்தத்தைப் பற்றி நான் கூட்டங்களில் சொல்லும்போது பல பெண்கள் இப்போதும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறார்கள். சட்டம் மாறியது செய்தியாக லயத்துக்கு வந்து சேராவிட்டால், அது மாறாதது போலத்தான்.

யாரிடம் எது இருக்கிறது?

எதைக் கேட்டாலும் 'எம்.பி.யிடம் போங்க' என்று சொல்லும் வழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. உண்மையில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வோர் இடம் இருக்கிறது.

பாராளுமன்ற உறுப்பினரின் முதல் வேலை சட்டம் இயற்றுவதும் அரசாங்கத்திடம் கேள்வி கேட்பதும். பதுளை மாவட்டத்துக்கு ஒன்பது உறுப்பினர்கள். உறுப்பினர்கள் முன்மொழியும் சிறு வேலைகளுக்கு, 1974 இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின் கீழ் காலத்துக்குக் காலம் பணம் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் அந்தப் பணம் உறுப்பினரின் சட்டைப்பைக்கு வருவதில்லை. அவர் வேலையை முன்மொழிகிறார். பணம் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாகச் செலவாகிறது. ஆகவே ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு கோவை இருக்கிறது, கோவைக்கு ஓர் இலக்கம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் 'எம்.பி. கொடுத்தார்' என்ற பேச்சு பாதி குறைந்துவிடும்.

மாகாண சபைக்குப் பாடசாலைகள், மாகாணத்தின் கீழுள்ள ஆஸ்பத்திரிகள் முதலியன பொறுப்பு. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2019 இல் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு நான் இதை எழுதும் வரை தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். பாடசாலைக் கூரை ஒழுகினால் முன்பு மாகாண சபை உறுப்பினரைத் தேடிப் போனோம். அந்தக் கதவு இப்போது இல்லை என்பதே பலருக்குத் தெரியாது.

பிரதேச சபை எங்களுக்கு மிக அருகில் உள்ளது. உள்வீதி, தெருவிளக்கு, வடிகான், குப்பை, நூலகம், மயானம் இவையெல்லாம் அதன் வேலை. 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலும் இந்த ஒதுக்கீட்டோடுதான் நடந்தது. உங்கள் சபையிலும் பெண் உறுப்பினர்கள் இருப்பார்கள். யார் என்று தேடிப் பாருங்கள்.

கொடுப்பனவு, வதிவிடச் சான்று, அனர்த்த நிவாரணம் ஆகியவற்றுக்குக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் பொறுப்பு. பெண்கள் விவகாரத்துக்கும் சிறுவர் விவகாரத்துக்கும் பிரதேச செயலகத்தில் தனி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023 இல் அஸ்வெசும வந்தது. அதில் பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கடைசித் திகதி ஒன்று இருக்கும். அந்தத் திகதி தெரியாமல் போனதால் இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடங்களுக்குள் ஒரு விண்ணப்பம் எங்கள் தெமோதரை ரயில் மாதிரித்தான் போகும். ரயில் எங்கள் ஸ்டேசனைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் வரும். பார்க்க வந்தவர்களுக்கு அது வேடிக்கை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரே கடதாசிக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கும் பெண்ணுக்கு அது வேடிக்கை இல்லை. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்குவதாகவும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா ஊக்கப்பணம் கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். அலுவலகத்துக்குப் போகும் நாளில் இவற்றில் எதுவும் கையில் வராது, பஸ் காசும் போகும். ஆகவே சரியான இடத்துக்கு, சரியான கடதாசியோடு, ஒரே தடவையில் போவது எங்களுக்கு மிக முக்கியம்.

செய்தி எப்படி வர வேண்டும்?

மக்கள் பிரதிநிதிகள் இப்போது நிறையச் செய்தி தருகிறார்கள். கைத்தொலைபேசியைத் திறந்தால் அடிக்கல் நாட்டும் படம், மாலை போடும் படம், நாடா வெட்டும் படம் எல்லாம் வருகின்றன. ஆனால் அந்தச் செய்தியில் ஒரு பெண்ணுக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. எவ்வளவு பணம், யாருக்குத் தகுதி, என்ன கடதாசி வேண்டும், கடைசித் திகதி எது, எந்த மேசைக்குப் போவது, இல்லை என்று சொன்னால் யாரிடம் முறையிடுவது. இந்த ஆறும் இருந்தால்தான் அது எங்களுக்குச் செய்தி. மற்றது அவருக்கான விளம்பரம்.

இந்தியாவில் பாராளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி வளர்ச்சி நிதி 1993 இல் தொடங்கியது. அந்த நிதியில் கட்டிய கட்டடத்தில் பலகை வைத்து, செலவு எவ்வளவு, வேலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்றும் அதில் எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் கதிரைகளின் முதுகில் பெயர் மட்டும் இருக்கிறது. விலையையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கலாமே.

மொழியும் ஒரு பிரச்சினை. 1999 இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் தமிழும் சிங்களமும் நிர்வாக மொழியான இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆகவே அப்படியான பிரிவில் தமிழில் அறிவித்தல் கேட்பது உரிமை. ஆனாலும் சிங்களத்தில் மட்டும் எழுதிய அறிவித்தலின் முன்னால் நின்று, படிக்கத் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை வரும் வரை பெண்கள் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மலையகத்தில் செய்தி கொண்டுபோகும் வேலைக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1920களில் சட்டநிரூபண சபையிலும், 1936 இலிருந்து அட்டன் தொகுதி உறுப்பினராக அரசாங்க சபையிலும் இருந்தவர் கோ. நடேசய்யர். அவர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் புடவை வியாபாரிபோல் வேடமிட்டு உள்ளே போனார் என்று சொல்வார்கள். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள், வாசிக்கத் தெரியாத சனத்துக்கு விளங்க வேண்டும் என்று பாட்டாகவே பாடிச் சொன்னார். ஒரு சபை உறுப்பினரின் வேலையில் செய்தி சொல்வதும் ஒரு பகுதி என்று அவர்கள் அன்றே காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பெண்கள் குழு செய்வதும் அந்த வழிதான். பிள்ளைக்காம்பராவில் ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறோம். யார் வெளியே போனாலும், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பார்த்து அதில் எழுத வேண்டும். மாலையில் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும் நேரத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அதை உரக்க வாசிக்கும். தோட்டத்துக் கடிதங்கள் பல இடங்களில் இன்னும் தோட்ட அலுவலகத்துக்கு வந்துதான் பிரிகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து வந்த கதை ஒவ்வொரு லயத்திலும் உண்டு. ஆகவே 'யாருக்காவது கடிதம் வந்திருக்கிறதா' என்று பார்த்து வருவதும் கொப்பிக்காரியின் வேலை.

இது சின்ன விசயம் அல்ல. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று பல வருடங்களுக்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தது பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையிலும் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. அலுவலகக் கோவையில் உள்ள எச்சரிக்கை, லயத்தில் தூங்கும் பிள்ளைக்கு உதவாது. அது வாசலுக்கு வர வேண்டும்.

எழுதிக் கேட்டால்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அரச அலுவலகத்தில் உள்ள தகவலை எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்கக் கூடாது.

அக்காவின் விசயத்திலும் இப்படி ஒரு கடிதம் எழுதினோம். எத்தனை தகரம் வந்தது, யாரைத் தெரிவு செய்வது என்று என்ன விதி, அவ்வளவுதான் கேள்வி. கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடும்போது அக்காவின் கை நடுங்கியது. "எம்.பி. கோவிச்சுக்குவாரா மிஸ்?" என்று கேட்டார். எம்.பி.க்கு எதிராக எதுவும் எழுதவில்லை, அரசாங்கப் புத்தகத்தில் உள்ளதைத்தான் கேட்கிறோம் என்று விளங்கப்படுத்தினோம்.

பதில் வந்தது. பேர் பதிந்த தொழிலாளிக்கு மட்டும் என்று எந்த விதியும் அதில் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதுதான் விதி. அந்த முறை வந்த தகரம் முடிந்துவிட்டதால் அக்காவுக்குத் தகரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போனார். தம்பியின் குடும்பத்திலிருந்து பிரித்து, தனிக் குடும்பமாகத் தன் பெயரைப் பதிந்துகொண்டார். அஸ்வெசுமவுக்குத் தன் பெயரிலேயே விண்ணப்பித்தார். இப்போது எந்தப் பட்டியல் எழுதினாலும் அவர் ஒரு குடும்பம். தகரத்தை விட இது பெரிது என்று நான் நினைக்கிறேன். பத்திக்கு இன்னும் பழைய தார்ப்பாய்தான் போட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

எழுத்தறிவு குறைந்த பெண்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ராஜஸ்தானைக் காட்டலாம். அங்கே 1990 இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 இலிருந்து கிராமத்து நடுவில் மக்களைக் கூட்டி அரசாங்கக் கணக்கை உரக்க வாசித்தது. கட்டாத கட்டடத்துக்கும் செய்யாத வேலைக்கும் எழுதிய செலவைக் கேட்டு, அங்கேயே மக்கள் எழுந்து பேசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் இருந்தார்கள். அந்த இயக்கம் இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு ஒரு முக்கிய காரணமானது.

எங்கள் உறுப்பினரிடம் கேட்க வேண்டியது

2024 நவம்பர் 14 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது அதுவே முதல் தடவை. இந்த நாட்டில் பெண்களுக்கு 1931 இல் வாக்குரிமை வந்தது. அதிலிருந்து எண்ணினால் 93 வருடங்கள். அன்று எங்கள் பகுதிப் பெண்கள் பலர் கண் கலங்கினார்கள்.

மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் ஒரு பெண் போய்விட்டார், இனி அவர் கொடுப்பார் என்று காத்திருந்தால் பழைய பழக்கமே புதிய பெயரில் தொடரும். பெண் உறுப்பினராக இருந்தாலும் ஆண் உறுப்பினராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், நாம் கேட்க வேண்டியவை இவை: பட்டியல் எழுதும் முன்பே அறிவித்தல் தமிழில் வர வேண்டும். பட்டியலை ஒட்டி, ஆட்சேபணைக்கு நாள் கொடுக்க வேண்டும். பெண் தலைமைத்துவக் குடும்பம் தனிக் குடும்பமாகக் கணக்கிடப்பட வேண்டும். வீட்டுக்கும் காணிக்கும் உறுதி கொடுக்கும்போது பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

வன்னிச் சகோதரிகளுக்கு இந்தக் கடைசி விசயம் நன்றாகத் தெரியும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக் காணிக்கு வாரிசு வரும்போது ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்று இருந்தது. அந்தப் பாகுபாடு 2022 இல் நீக்கப்பட்டது. உங்கள் காணிக் கடதாசி பழைய முறையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கணவரோ பிள்ளையோ காணாமற்போனவர் என்றால், அவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் இல்லை என்பதற்கான சான்றிதழ் எடுக்க 2016 இலிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது. வங்கி, காணி, கொடுப்பனவு முதலிய காரியங்களுக்கு அது உதவும். அதை எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சிலருக்கு அந்தக் கடதாசியே வலி. யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்ற செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் இலக்கங்களையும் தருகிறேன்.

அரசாங்கத் தகவல் நிலையம் – 1919
பெண்களுக்கான உதவி – 1938
சிறுவர் பாதுகாப்பு – 1929
அஸ்வெசும பற்றிய விசாரணை – 1924
அனர்த்த முகாமைத்துவ நிலையம் – 117
மனநல ஆலோசனை – 1926
அம்புலன்ஸ் – 1990

அழைத்த திகதி, நேரம், பதில் சொன்னவரின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'போன கிழமை சொன்னாங்க' என்று சொல்வதை விட, 'இந்தத் திகதி இன்னார் சொன்னார்' என்று சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் கத்தரித்து, உங்கள் ஊர்ப் பெண்கள் அதிகம் கூடும் இடத்தில், முன்பள்ளிச் சுவரிலோ சங்கக் கடையிலோ ஒட்டிவிடுங்கள். வாசிக்கத் தெரியாத ஒரு சகோதரி நின்று பார்த்தால், பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுங்கள்.